கூனியும் மட்டியும் தாங்காத திரவங்கள்: திருகோணமலைக் குடாக்களில் கவனிக்கப்படாத ஒரு நஞ்சு

2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமரின் இலங்கைப் பயணத்தின்போது, திருகோணமலையை ஓர் எரிசக்தி மையமாக மாற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் கைச்சாத்திட்டன. அதற்கு முன்னரே, 2022 ஜனவரியில், சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு, 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 தாங்கிகள் இரு தரப்பும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்துக்கு என்பது ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டத் தொடங்கி, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளான அதே தாங்கிகள்தான் இவை.

இந்த உடன்படிக்கைகள் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாட்டின் கை ஓங்கும், யாருடைய காணி போகும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பவை எல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் எண்ணெயும் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் கரைப்பான்களும் இந்தக் குடாவுக்குள் இன்னும் அதிகமாக வரப்போகின்றன என்றால், அவை தண்ணீரில் கலக்கும்போது முதலில் சாகப்போவது எது, அதனால் யாருடைய அடுப்பு அணையப்போகிறது என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

திருகோணமலையில் பல வருடங்கள் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற வகையில் அந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: கடலில் மிதக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே அதற்குப் பயப்படுகிறோம். தின்னர், மண்ணெண்ணெய், எண்ணெயைக் கழுவும் இரசாயனம் போன்ற கரைப்பான்கள் தண்ணீருக்குள் மறைந்துவிடுகின்றன, ஆகவே போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். கூனி, மட்டி, நண்டுக்குஞ்சு போன்ற சிற்றுயிர்களுக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் பெரிய ஆபத்து. அதைத் தடுக்க நாமே செய்யக்கூடியவையும் இருக்கின்றன, நாம் கேட்டுப் பெறவேண்டியவையும் இருக்கின்றன.

ஆழமான துறைமுகம், ஆழமற்ற கரைகள்

திருகோணமலை உலகின் மிக ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பெருமை. அது உண்மை. கொட்டியாரக் குடாவின் நடுவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றே ஓடுகிறது. "இவ்வளவு ஆழமான கடலில் ஒரு வாளி தின்னர் என்ன செய்யும்?" என்று பலர் கேட்பதற்கும் இந்த ஆழம்தான் காரணம்.

ஆனால் சிற்றுயிர்கள் அந்த ஆழத்தில் வாழவில்லை. மகாவலி வந்து சேரும் மூதூர்க் கரையின் சேற்றுப் பரப்பு, கிண்ணியாவின் முழங்காலளவுத் தண்ணீர், தம்பலகாமக் குடாவைச் சுற்றியுள்ள கண்டல் வேர்கள், உப்பாற்றுப் பக்கத்துக் களப்பு, நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவின் முருகைக் கற்கள் ஆகியவையே அவற்றின் வீடு. அதிலும் தம்பலகாமக் குடா ஆழம் குறைந்தது. கிண்ணியாப் பாலத்தின் கீழுள்ள ஒடுங்கிய வாயினூடாகத்தான் அது கொட்டியாரக் குடாவோடு தண்ணீர் பரிமாறுகிறது. எமது கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. வேறு நாடுகளில் நாளுக்கு இருமுறை கடல் வந்து கழுவிவிடுவதுபோல இங்கே நடப்பதில்லை. காற்றில்லாத வெயில் நாட்களில் உள்ளே விழுந்தது உள்ளேயே நிற்கும்.

இந்தத் தம்பலகாமக் குடாவுக்கு ஒரு பழைய புகழும் உண்டு. ஓட்டினூடாக வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய, தட்டையான ஒருவகைச் சிப்பி இங்கே சேற்றில் படுக்கை படுக்கையாகக் கிடந்தது. அதற்குள் சிறு முத்துகள் கிடைத்தன. பிரித்தானியர் காலத்தில் அதைக் குத்தகைக்கு விட்டுக் குளிக்கவைத்தார்கள். 1850களில் மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட், பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் ஆகியோர் இந்தச் சிப்பிப் படுக்கைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். நூறு வருடங்களுக்கு முன்பே அரசாங்கம் கணக்கெடுக்கும் அளவுக்கு, ஒரு சிறு உயிர் இந்தக் குடாவின் செல்வமாக இருந்திருக்கிறது.

இன்று அந்தச் செல்வம் வேறு வடிவில் இருக்கிறது. கிண்ணியாப் பக்கம் வற்றுக் காலத்தில் குனிந்தபடி மட்டி தடவி எடுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். படகும் இயந்திரமும் வலையும் வாங்க முதல் இல்லாதவர்களுக்குக் கடல் கொடுக்கும் வருமானம் அது. போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உழைப்பவரை இழந்த குடும்பங்களுக்கு, 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் துரத்தப்பட்டு, முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு, கரையோரம் என்பது எவரிடமும் கடன்படாமல் கைவைக்கக்கூடிய ஒரே இடம். இதில் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு கிடையாது. ஒரே குடாவின் தண்ணீரில்தான் இரு சமூகத்தின் சோறும் வேகிறது.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பாரை, சூரை, கீரி, சாளை என்று எதைப் பிடித்தாலும், அந்த மீனோ அது தின்னும் மீனோ குஞ்சாக இருந்தபோது தின்றது மிதவை உயிரிகளைத்தான். தண்ணீரில் புள்ளி புள்ளியாகத் துள்ளும் கோப்பேபொட், இறாலின் குடம்பி, நண்டின் குடம்பி, சிப்பியின் குடம்பி ஆகியவை அவற்றுட் சில. கரையோரத்தில் இவை அழிந்தால், சில மாதங்களின் பின் வலையில் அது தெரியவரும். ஆனால் அப்போது காரணத்தை யாரும் தின்னர் வாளியில் தேடமாட்டார்கள்.

கரைப்பான் ஒரு சிற்றுயிரை எப்படிக் கொல்கிறது?

ஒரு பொருளைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் திரவம் கரைப்பான். தண்ணீரும் ஒரு கரைப்பான்தான். ஆனால் தண்ணீரில் கரையாத கொழுப்பு, பெயின்ற், பிசின், கிறீஸ் போன்றவற்றைக் கரைக்க நாம் தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெற்றோல், அசெற்றோன் ஆகியவற்றைப் பாவிக்கிறோம். தின்னர் என்பது தனிப் பொருளன்று, ஒரு கலவை. தொலுயீன், சைலீன் ஆகிய இரண்டும் அதில் பெரும்பாலும் இருக்கும்.

கொழுப்பைக் கரைக்கும் குணம்தான் ஆபத்துக்கும் காரணம். எந்த உயிரின் கலத்தைச் சுற்றியும் கொழுப்பாலான ஒரு மெல்லிய மென்சவ்வு இருக்கிறது. தொலுயீன் போன்றவை அந்த மென்சவ்வுக்குள் புகுந்து தங்கிவிடும். நரம்பு வேலை செய்யாது, அசைவு குறையும், உயிர் மயங்கிவிடும். பூட்டிய அறைக்குள் பெயின்ற் அடிப்பவருக்குத் தலை சுற்றுவதும் இதே காரணத்தால்தான். அவர் வெளியே வந்து காற்று வாங்கலாம். கூனி எங்கே போகும்? அது மூச்சுவிடுவதே அந்தத் தண்ணீரில்தான்.

உடல் சிறிதாக இருப்பதும் அதற்கு எதிராகவே வேலை செய்கிறது. உடலின் பருமனோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பும் செவுளும் அதிகம் என்பதால், நஞ்சு சில நிமிடங்களிலேயே உடல் முழுவதும் பரவிவிடும். இறாலும் நண்டும் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும். ஓடு கழற்றிய நண்டு எவ்வளவு மென்மையாக இருக்கும் என்பது கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தாங்கும் சக்தி மிகக் குறைவு. குடம்பிகள் நாட்களுக்கு ஒருமுறை ஓடு மாற்றுபவை, ஆகவே அவை எப்போதும் ஆபத்தின் விளிம்பில்தான் நிற்கின்றன. போதாக்குறைக்கு, எண்ணெயிலுள்ள சில சேர்மங்கள் கண்ணாடிபோன்ற குடம்பியின் உடலுக்குள் புகுந்தபின் வெயில் பட்டால் நஞ்சு பல மடங்காகும். எமது வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எல்லாக் கரைப்பானும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆய்வுகூடங்களில் இதை அளக்க டப்னியா எனப்படும் நீர்த்தெள்ளைப் பாவிப்பார்கள். நஞ்சு கலந்த தண்ணீரில் 48 மணித்தியாலம் விட்டு, பாதி எந்த அளவில் அசைவற்றுப் போகின்றன என்று பார்ப்பார்கள். அசெற்றோன் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். தொலுயீன், சைலீன் என்றால் சில மில்லிகிராமிலிருந்து பத்துப் பன்னிரண்டு மில்லிகிராமே போதும்.

சிறிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் தொலுயீனின் நிறை ஏறக்குறைய 870 கிராம், அதாவது 870,000 மில்லிகிராம். லீற்றருக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் அது கலந்தால் 174,000 லீற்றர் தண்ணீரைக் கெடுக்கும். 10,000 லீற்றர் பவுசரில் பதினேழு பவுசர் தண்ணீர். இது ஒரே ஒரு லீற்றருக்கான கணக்கு.

நியாயமாகச் சொன்னால், தொலுயீன் விரைவாக ஆவியாகும். திறந்த கடலில் காற்றடிக்கும் நாளில் அதன் பெரும்பகுதி சில மணித்தியாலங்களில் பறந்துவிடும். ஆனால் குடம்பிகள் நிறைந்த ஆழமற்ற குடாவில் அந்தச் சில மணித்தியாலங்களே போதுமானவை. அதே துறையில் ஒவ்வொரு நாளும் ஒருவர் மாறி ஒருவர் ஊற்றினால், அந்த இடத்துத் தண்ணீருக்கு ஆறுதல் கிடைப்பதேயில்லை.

எண்ணெயைக் கழுவப் போய்க் கரையைக் கொன்ற கதை

கரைப்பான்கள் எவ்வளவு தூரம் நாசம் செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில். 1967 மார்ச் 18ஆம் திகதி ரொறி கன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே பாறையில் மோதியது. ஏறக்குறைய 119,000 தொன் மசகு எண்ணெய் கடலில் கலந்தது. கரையைச் சுத்தமாக்க வேண்டும் என்ற அவசரத்தில், எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலக்கச்செய்யும் இரசாயனத்தை ஏறக்குறைய 10,000 தொன் அளவில் கடலிலும் கடற்கரையிலும் கொட்டினார்கள். இத்தகைய இரசாயனத்தைச் சிதறடிப்பான் என்று சொல்லலாம். அன்றைய சிதறடிப்பான், சவர்க்காரம் போன்ற ஒரு பொருளும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானும் சேர்ந்தது.

பாறைகள் வெளுத்துச் சுத்தமாகத் தெரிந்தன. ஆனால் பிளைமவுத் கடலுயிரியல் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள் கரைகரையாக நடந்து பார்த்தபோது, எண்ணெய் மட்டும் படிந்த இடங்களைவிட மருந்து தெளித்த இடங்களில்தான் சாவு அதிகம் என்று கண்டார்கள். லிம்பெற் என்பது கூம்புத் தொப்பி போலப் பாறையில் இறுக ஒட்டியிருக்கும் ஒரு நத்தை. அது எண்ணெய்க்கு நடுவிலும் ஓரளவு பிழைத்தது. கரைப்பான் பட்டபோது மயங்கிப் பிடிவிட்டு உதிர்ந்தது. பாசியை மேயும் லிம்பெற் இல்லாமல் போனதும் பாறை முழுவதும் பச்சைப் பாசி மூடியது. பின்னர் லிம்பெற் அளவுக்கு மிஞ்சிப் பெருகியது, பிறகு உணவின்றி மடிந்தது. இப்படி ஏறி இறங்கி அந்தக் கரைகள் பழைய நிலைக்குத் திரும்பப் பத்து முதல் பதினைந்து வருடங்கள் எடுத்தன. கோட்றெவி என்ற இடத்தில் கடல்நாய்கள் இருப்பதால் மருந்து தெளிக்கவேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அந்தக் கரை இரண்டு மூன்று வருடங்களில் மீண்டது.

இந்த அனுபவத்தின் பின் சிதறடிப்பான்களின் கலவை மாற்றப்பட்டது. நஞ்சு கூடிய கரைப்பான்கள் நீக்கப்பட்டன. ஆழ்கடலில் எண்ணெய் கரையை நோக்கி வரும்போது இன்றைய சிதறடிப்பான்கள் உதவவும் கூடும். ஆனால் ஒன்று மாறவில்லை. சிதறடித்த எண்ணெய் காணாமல் போவதில்லை, மேற்பரப்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்ணீருக்குள் இருப்பவை குடம்பிகள். ஆகவேதான் இங்கிலாந்தில் 20 மீற்றருக்குக் குறைந்த ஆழத்திலும், அதை ஒட்டிய ஒரு கடல்மைல் தூரத்திலும் தனியான அனுமதியின்றிச் சிதறடிப்பான் தெளிக்கமுடியாது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் தம்பலகாமக் குடா முழுவதும், கிண்ணியா, மூதூர்க் கரைகளும், புறாத்தீவுச் சுற்றாடலும் அதற்குள் வந்துவிடும்.

எமது இறங்குதுறைகளில் நடப்பது

ரொறி கன்யன் போன்ற விபத்து எப்போதாவது நடப்பது. இறங்குதுறையில் நடப்பது தினமும் நடப்பது.

ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் கிழக்குக் கரை நெடுக ஃபைபர் படகுகளை வழங்கின. மரத் தோணிகள் குறைந்தன. ஃபைபர் படகு வெடித்தால் பிசின் பூசிப் பழுதுபார்க்கவேண்டும், பிசின் பட்ட தூரிகையை அசெற்றோனில் கழுவவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற், அதற்குத் தின்னர். படகைக் கரையில் ஏற்றி வேலை செய்பவர் வேலை முடிந்ததும் அந்த ரின்னை எங்கே ஊற்றுகிறார்? பெரும்பாலும் இரண்டடி தள்ளியுள்ள தண்ணீரில். மணலில் ஊற்றினாலும் முதல் மழைக்கு அது அதே தண்ணீருக்குத்தான் வரும்.

எமது வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பழைய இரு அடிப்பு இயந்திரங்களில் எரிபொருளின் கணிசமான பங்கு எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போகிறது. அதை ஒரு மீனவர் தனியாக மாற்றமுடியாது, புது இயந்திரத்தின் விலை அப்படி. ஆனால் இயந்திரத்தைக் கழுவும்போது ஊற்றும் மண்ணெண்ணெய், தாங்கி மாற்றும்போது சிந்துவது, படகின் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரை அள்ளிக் கடலில் வீசுவது ஆகியவை எங்கள் கையில் இருக்கின்றன.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். சிந்திய எண்ணெய் தண்ணீரில் வானவில்போல மினுங்கினால், அதன்மேல் சவர்க்காரத் தூளைத் தூவுகிறார்கள். மினுக்கம் உடனே மறைந்துவிடும். கோர்ன்வோலில் நடந்ததன் சின்ன வடிவம் இது. எண்ணெய் போகவில்லை, கூனியின் வாய்க்கு எட்டும் அளவுக்கு உடைந்திருக்கிறது, சவர்க்காரமும் அதோடு சேர்ந்திருக்கிறது. மினுங்கும் படலத்தை அப்படியே விட்டால் காற்றும் வெயிலும் பெரும்பகுதியை ஆவியாக்கும். சவர்க்காரம் தூவுவதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

டைனமற் வெடித்தால் ஊருக்கே கேட்கும், செத்த மீன் மிதக்கும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம் வெடியையும் நஞ்சையும் பாவித்து மீன்பிடிப்பதைத் தடைசெய்கிறது. குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். தின்னர் ஊற்றும்போது சத்தம் கேட்பதில்லை, செத்த குடம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊற்றுபவர்கள் கெட்டவர்களும் அல்லர், கடலை நம்பி வாழ்பவர்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, ஊற்ற வேறு இடமும் கொடுக்கவில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

கீழே சொல்பவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. பல இடங்களில் பணம் மிச்சமாகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பட்ட பாட்டை மீனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடலில் ஊற்றும் ஒவ்வொரு போத்தலும் காசு.

முதலாவது, இரண்டு ரின் முறை. தூரிகையை முதலில் பழைய தின்னரிலும், பிறகு சிறிதளவு புதிய தின்னரிலும் கழுவுங்கள். இரண்டையும் இறுக மூடி நிழலில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். சில நாட்களில் பெயின்ற் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பாவிக்கலாம். தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கவேண்டாம். குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது, கழுவுமுன் துடையுங்கள். தூரிகையிலும் இயந்திரத்திலும் உள்ளதைப் பழந்துணியால் முடிந்தவரை துடைத்தால் பாதிக் கரைப்பான் தேவைப்படாது. கையில் பட்ட எண்ணெய்ப் பெயின்றுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பின் சவர்க்காரம் போட்டால் போகும், தோலுக்கும் நல்லது.

மூன்றாவது, வேலை செய்யும் இடத்தைத் தண்ணீரிலிருந்து தள்ளி வையுங்கள். பிசின் வேலையையும் பெயின்ற் சுரண்டலையும் அலை எட்டாத மேட்டில், கீழே தறப்பாள் விரித்துச் செய்யவேண்டும். படகின் அடிப்பெயின்றில் பாசி பிடிக்காமலிருக்க நஞ்சு கலந்திருக்கும். அந்தத் தூள் தண்ணீருக்குப் போனால் மட்டிக்குத்தான் கேடு.

நான்காவது, தரையில் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மரத்தூள், தும்புத்தூள், உலர்ந்த மணல் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள்.

ஐந்தாவது, இது தனியாள் வேலையல்ல. ஒவ்வொரு இறங்குதுறையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் மூடியுள்ள ஒரு பீப்பாயை வைக்கவேண்டும். மீளப் பாவிக்கமுடியாத தின்னர், எண்ணெய்க் கசடு, ஊறிய துணி ஆகியவை அதற்குள் போகட்டும். சட்டப்படி இவை ஆபத்தான கழிவு. அனுமதிப்பத்திரம் உள்ளவர்களே கொண்டுசெல்ல முடியும். அந்த ஏற்பாட்டைச் செய்து தரும்படி பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் சங்கம் கேட்கவேண்டும். பீப்பாய் நிரம்பிய பின் எடுக்க ஆளில்லை என்றால், அது திரும்பவும் கடலுக்குத்தான் போகும்.

பாடசாலைகளும் இதில் சேரலாம். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டைகள் மீன்குஞ்சு வளர்ப்போரிடம் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு நாளில் பொரிக்கும். இறங்குதுறைத் தண்ணீரில் ஒரு பங்கையும், தூரத்துச் சுத்தமான கடல்நீரில் ஒரு பங்கையும் விட்டு, 24 மணித்தியாலத்தின் பின் எத்தனை நீந்துகின்றன என்று உயர்தர மாணவர்கள் எண்ணலாம். ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ஆர்ட்டீமியா தாங்கும் சக்தி கூடிய உயிர். அது பிழைத்தால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை. அது செத்தால், நிச்சயம் பிரச்சினை இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கவேண்டியவை

சுமையை மீனவர் தலையில் மட்டும் ஏற்றினால் அது அநியாயம். ஒரு கப்பலில் நடக்கும் ஒரு தவறு, ஆயிரம் படகுகள் ஒரு வருடம் ஊற்றுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. மசகு எண்ணெய் கொட்டாமல் தப்பினோம். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பற்றி ஜூன் 2ஆம் திகதி மூழ்கியபோது மேற்குக் கரை தப்பவில்லை. நைத்திரிக் அமிலமும் பல்வேறு இரசாயனங்களும் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் அதில் இருந்தன.

2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டமும் இருக்கிறது. நாம் கேட்கவேண்டியது, அந்தத் திட்டத்தில் எமது குடா எங்கே இருக்கிறது என்பதை. சீனக்குடாவில் கசிவு நடந்தால் தம்பலகாமக் குடாவின் வாயை மறிக்க மிதவைத் தடுப்புகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? அவற்றைப் போட எத்தனை மணித்தியாலம் எடுக்கும்? சிதறடிப்பான் தெளிக்கக்கூடாத இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா? களஞ்சியத்திலுள்ள சிதறடிப்பானில் என்ன கரைப்பான் இருக்கிறது? மீனவர்களுக்கு யார், எந்த மொழியில் அறிவிப்பார்கள்?

இவற்றைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். ஒரு சங்கம் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதினால், 14 வேலைநாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அதிகாரி முடிவு சொல்லவேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. எந்தக் கடல் விபத்திலும் இழப்பைக் கணக்கிட வரும்போது கேட்கப்படும் முதற்கேள்வி "முன்பு அங்கே என்ன இருந்தது?" என்பதே. அதற்குப் பதில் இல்லாதவர்களின் இழப்பு, இழப்பாகவே எண்ணப்படாது. காணி உறுதி எரிந்துபோன நிலையில் சொந்த வளவையே தன்னுடையது என்று நிரூபிக்க அலைந்தவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

கூனிக்கும் மட்டிக்கும் உறுதி கிடையாது. ஆகவே இப்போதே எழுதிவைக்கவேண்டும். எந்தத் துறையில், எந்த மாதத்தில், எத்தனை கிலோ மட்டி, எத்தனை கிலோ கூனி என்று சங்கங்கள் ஒரு கொப்பியில் திகதி போட்டுப் பதிவுசெய்யலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், நாரா நிறுவனமும், மாவட்டத்தின் விஞ்ஞான ஆசிரியர்களும் அதற்கு முறை சொல்லிக்கொடுக்கலாம். மட்டி எடுக்கும் பெண்களே அதற்குச் சிறந்த பதிவாளர்கள். எங்கே சேறு கறுத்தது, எங்கே மட்டி வாய் பிளந்து கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சீனக்குடாவுக்குப் புதிய குழாய்களும் கப்பல்களும் வருவதற்கு முன், குறைந்தது ஒரு வாடைக் காலமும் ஒரு சோளகக் காலமும் அந்தக் கொப்பியில் நிரம்பியிருக்கவேண்டும்.